மின்முனைமேல் பூசுவது எதற்காக?

விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் தொட்டால் ஐந்து நொடியில் மீட்டரில் எண் வந்துவிடுகிறது. வீட்டிலேயே சுகர் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை. அந்த ஐந்து நொடிக்குள் குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று, ஒரு மெல்லிய கரிப்பரப்பை அடைந்து, மின்னோட்டமாகப் பாய்கின்றன. மீட்டர் அந்த மின்னோட்டத்தை அளந்து மி.கி. கணக்காக மாற்றிக் காட்டுகிறது. வெறும் கரியோடு ரத்தத்தைச் சேர்த்தால் இதில் எதுவும் நடக்காது. கரிக்கும் குளுக்கோஸுக்கும் இடையே ஒரு பேச்சுவார்த்தையை நடத்திக்கொடுப்பவை, மின்முனையின் மேல் பூசப்பட்டிருக்கும் பொருள்கள்தான்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பூச்சுகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் பெரிய ஆய்வுத்துறை ஒன்று வளர்ந்திருக்கிறது. நொதி, சவ்வு, இரும்புச் சேர்மம், ஆஸ்மியம் பாலிமர், கார்பன் நானோகுழாய், கிராஃபீன், தங்கத்துகள், நிக்கல் ஆக்சைடு என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எவை நோயாளியின் கைக்கு வந்தன, எவை வரவில்லை, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் குளுக்கோஸுக்குப் பஞ்சமில்லை. நலமாக உள்ளவருக்கு வெறும் வயிற்றில் 70 முதல் 100 மி.கி. வரை, அதாவது ஏறத்தாழ 4 முதல் 5.5 மில்லிமோல் வரை இருக்கும். மின்வேதியியல் அளவீட்டுக்கு இது தாராளம். எனவே மின்னோட்டத்தைப் பெருக்குவது இங்கே முதல் தேவையாக இருந்ததே இல்லை. ஆக்சிஜன் பற்றாக்குறை, குறுக்கிடும் பொருள்கள், உடலின் எதிர்வினை, கோடிக்கணக்கில் ஒரே சீராகத் தயாரிப்பது ஆகியவைதான் உண்மையான சிக்கல்கள். இவற்றில் ஒன்றையாவது தீர்த்த பூச்சு மருந்துக்கடைக்கு வந்தது. மின்னோட்டத்தை மட்டும் கூட்டிய பூச்சு ஆய்விதழோடு நின்றது.

1962இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் இதைத் தொடங்கிவைத்தார்கள். ரத்தத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் மின்முனையைக் கிளார்க் அதற்கு முன்பே உருவாக்கியிருந்தார். அதன் முகப்பில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சவ்வுக்குள் அடைத்துவைத்தால், அந்த நொதி குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும்போது ஆக்சிஜன் குறையும். குறைந்த அளவிலிருந்து குளுக்கோஸைக் கணக்கிடலாம் என்பது அவருடைய யோசனை. 1967இல் அப்டைக்கும் ஹிக்ஸும் நொதியைப் பாலிமர் கூழுக்குள் நிலைநிறுத்திக் காட்டினார்கள். 1973இல் கில்போவும் லுப்ரானோவும் ஆக்சிஜனை விட்டுவிட்டு, வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளாட்டினத்தின் மேல் ஆக்சிஜனேற்றி அளந்தார்கள். 1975இல் ஒஹையோவைச் சேர்ந்த யெல்லோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் இந்த வழியில் இயங்கும் ஆய்வகக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பெராக்சைடை அளப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. பிளாட்டினத்தில் அதை ஆக்சிஜனேற்ற 0.6 முதல் 0.7 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். அந்த வோல்ட்டில் ரத்தத்திலுள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம், காய்ச்சலுக்குப் போட்ட பாராசிட்டமால் எல்லாமே எலக்ட்ரானை இழக்கத் தயாராகிவிடும். மின்முனைக்கு எலக்ட்ரான் எதிலிருந்து வந்தது என்ற வேறுபாடு தெரியாது. சர்க்கரை ஏறாமலே எண் ஏறிவிடும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, சல்லடைபோல் வேலை செய்யும் உள்சவ்வு. பெராக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு. அது நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, பெரிய மூலக்கூறுகளைத் தடுக்கும் செல்லுலோஸ் அசிடேட் படலம் பயன்பட்டது. ஃபினைலீன் டையமினை மின்முனையின் மேலேயே மின்னோட்டம் செலுத்திப் பாலிமராக வளர்க்கும் முறை இன்னும் நேர்த்தியானது. அந்தப் படலம் ஓரளவு தடித்ததும் மின்கடத்தாத தன்மையால் தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அதனால் தடிமன் தானாகவே சீராக அமைகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட நாஃபியான் படலம், அதே மின்னூட்டம் உள்ள வைட்டமின் சியையும் யூரேட்டையும் விலக்கித் தள்ளுகிறது. மின்னூட்டமில்லாத பாராசிட்டமாலிடம் மட்டும் அதன் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது.

இந்த உள்சவ்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு டெக்ஸ்காம் நிறுவனத்தின் தொடர் உணரியே சான்று. பிளாட்டினத்தில் பெராக்சைடை அளக்கும் உணரி அது. முந்தைய மாதிரிகளை அணிந்தவர்கள் பாராசிட்டமால் போடக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டது. 2018இல் வந்த ஜி6 மாதிரியில் மருந்தைத் தடுக்கும் அடுக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. அதன்பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வரை போட்டுக்கொள்ளலாம் என்று அறிவுரையே மாறிவிட்டது. உணர்திறனைக் கூட்டிப் பெற்ற வெற்றி அன்று இது. ஓர் அடுக்கு ஒரு மூலக்கூறை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலில் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு அதுவே பெரிய உதவி.

இரண்டாவது வழி, வோல்ட்டைக் குறைப்பது. மாஸ்கோவில் ஆர்க்கடி கார்யாகின் 1990களில் பிரஷ்யன் நீலத்தை எடுத்துக்கொண்டார். ஓவியர்கள் நூற்றாண்டுகளாகத் தீட்டிவந்த அதே இரும்புச் சாயம்தான். மின்முனையில் இதைப் படியவைத்தால், பூஜ்ய வோல்ட்டுக்கு அருகிலேயே பெராக்சைடு எலக்ட்ரானை ஏற்றுக்கொள்கிறது. அந்த இடத்தில் குறுக்கீடுகள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆனால் நடுநிலை, காரநிலைக் கரைசல்களில் சாயம் மெல்லக் கரைந்துபோவது இதன் குறை. வினையிலேயே ஹைட்ராக்சைடு உண்டாவதால் சாயம் தன் வேலையாலேயே தேய்கிறது. அதனால் பல நாள் அணியும் கருவியில் இதற்குத் துணையாக இன்னொரு காப்பு அடுக்கு வேண்டியிருக்கிறது.

மேலடுக்கின் கதை வேறு. தோலுக்கு அடியிலுள்ள திசுநீரில் குளுக்கோஸ் மில்லிமோல் கணக்கில் இருக்க, கரைந்த ஆக்சிஜன் அதில் பல பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் நொதியின் வேலை அங்கேயே முட்டி நிற்கும். உணரி சர்க்கரையை அளக்காமல் ஆக்சிஜனை அளக்கத் தொடங்கிவிடும். ஆக்சிஜனைத் தாராளமாகவும் குளுக்கோஸைக் கஞ்சத்தனமாகவும் உள்ளே விடும் பாலியூரத்தேன் வெளிச்சவ்வுதான் இதற்குத் தீர்வாயிற்று. இதைப் பூசினால் மின்னோட்டம் பல மடங்கு குறையும். ஆனால் 400 மி.கி. வரை நேர்கோட்டில் அளக்க முடியும். மின்னோட்டத்தை வேண்டுமென்றே குறைக்கும் பூச்சு ஒன்றால்தான் உடலுக்குள் வைக்கும் குளுக்கோஸ் உணரி சாத்தியமாயிற்று என்பதை, உணர்திறன் எண்ணை மட்டும் துரத்துகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆக்சிஜனையே ஒதுக்கிவிடலாம் என்ற எண்ணம் 1984இல் பலித்தது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு ஆய்வாளர்கள் ஆந்தனி காஸ் தலைமையில் வெளியிட்ட கட்டுரையில், ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் நொதியிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி மின்முனையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தக் கடத்தியின் அடிப்படையில் 1987இல் எக்சாக்டெக் என்ற பேனா வடிவக் கருவி சந்தைக்கு வந்தது. வீட்டிலேயே மின்வேதி முறையில் சுகர் பார்க்கும் வழக்கம் அதிலிருந்துதான் தொடங்கியது.

இன்றைய ஸ்ட்ரிப் ஒன்றை எடுத்து மேல் படலத்தை நகத்தால் உரித்துப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் உள்ளே இருக்கும். அடியில் பாலியெஸ்டர் தகடு. அதன்மேல் அச்சடித்த கரி மையோ, மெல்லிய தங்கம் அல்லது பல்லேடியம் பூச்சோ கோடுகளாக ஓடும். ஒரு முனையில் அவை மீட்டரைத் தொடும். மறுமுனையில் குறுகலான கால்வாய்க்குள் முடியும். கால்வாயின் அடியில் காய்ந்த பூச்சு ஒன்று தெரியும்: நொதி, எலக்ட்ரான் கடத்தி, தாங்கல் உப்பு, ரத்தம் சட்டென்று பரவ ஒரு பரப்பியக்கி, பூச்சைக் கட்டிப்பிடிக்க ஒரு பாலிமர். கால்வாயின் கடைசியில் காற்று வெளியேறச் சிறு துளை இருக்கும். அது அடைபட்டால் ரத்தம் உள்ளே ஏறாது. சில ஸ்ட்ரிப்களில் ரத்தம் நிரம்பியதா என்று பார்க்கவே தனியாக ஒரு மின்முனை உண்டு. பழைய மீட்டர்களில் ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு கோடு எண் போட வேண்டியிருந்தது நினைவிருக்கும். தொகுதிக்குத் தொகுதி பூச்சு வேறுபட்டதால் வந்த தேவை அது. இன்று பெரும்பாலான மீட்டர்களில் அந்த எண் இல்லை. பூச்சு சீராகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ஆய்விதழ்களில் அதிகம் பேசப்படாத இந்தச் சீர்மையைத்தான் இத்துறையின் மிகப் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன்.

நொதியைத் தேர்ந்தெடுப்பதும் மேற்பரப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பகுதிதான். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஆக்சிஜனுக்கும் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். அதனால் ஆக்சிஜன் சிகிச்சையில் இருப்பவரின் அளவு குறைவாகத் தெரியலாம். இதைத் தவிர்க்கப் பி.க்யூ.க்யூ. வகைக் குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸை ஸ்ட்ரிப்களில் வைத்தார்கள். ஆக்சிஜன் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்த நொதி மால்டோஸையும் குளுக்கோஸாகவே எடுத்துக்கொண்டது. வயிற்றுவழி டயாலிசிஸுக்கான ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் உடலில் மால்டோஸாக உடைகிறது. சர்க்கரை குறைந்து கிடந்த நோயாளிக்கு மீட்டர் அதிகம் என்று காட்ட, இன்சுலின் போடப்பட்டது. 1997 முதல் 2009 வரை இப்படி 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரிக்கை விடுத்தது. இப்போது பல ஸ்ட்ரிப்களில் மால்டோஸைப் பொருட்படுத்தாத எஃப்.ஏ.டி. வகை டிஹைட்ரஜனேஸ் இருக்கிறது. எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதும் ஒரு பூச்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அது தவறினால் உயிர் போகும்.

ஃபெரோசீன் போன்ற சிறு மூலக்கூறுகள் கரைந்து வெளியேறிவிடும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஸ்ட்ரிப்பில் அதனால் கேடில்லை. உடலுக்குள் நாள்கணக்கில் இருக்கும் உணரிக்கு அது ஆகாது. ஆடம் ஹெல்லர் 1980களின் கடைசியில் இதற்கு ஒரு வழி கண்டார். ஆஸ்மியம் அணுக்களை ஒரு பாலிமர் சங்கிலியில் கோத்து, அந்தச் சங்கிலியை நொதியோடு பின்னி, மின்முனையிலேயே பிணைத்துவிட்டார். எலக்ட்ரான் ஓர் ஆஸ்மியத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி மின்முனையை அடைகிறது. எதுவும் கரைந்து போவதில்லை. ஹெல்லர் தன் மகனோடு 1996இல் தொடங்கிய தெராசென்ஸ் நிறுவனம் 2000இல் 0.3 மைக்ரோலிட்டர் ரத்தம் மட்டுமே கேட்கும் ஸ்ட்ரிப்பைக் கொண்டுவந்தது. அபோட் நிறுவனம் 2004இல் அதை வாங்கியது. 2014இல் ஐரோப்பாவில் வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே, இதே ஆஸ்மியப் பின்னலை 14 நாள் கையில் ஒட்டிக்கொள்ளும் உணரியாக்கியது. விரலில் குத்தி அளவுதிருத்தம் செய்ய வேண்டாம். தொழிற்சாலையிலேயே அது முடிந்துவிடுகிறது. வோல்ட் மிகக் குறைவு என்பதால் பாராசிட்டமாலின் தொல்லை இல்லை. வைட்டமின் சி மட்டும் தப்பிவிட்டது: லிப்ரே 2 அணிந்தவர் நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் அளவு தவறாக உயரலாம் என்ற எச்சரிக்கை உண்டு.

இதற்குப் பிறகு துறை இரண்டாகப் பிரிந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிளை மேலே சொன்ன வழியில் சென்றது. இன்னொரு கிளை, கடத்தியே இல்லாமல் நொதியிலிருந்து மின்முனைக்கு நேராக எலக்ட்ரானைக் கொண்டுவரும் கனவைப் பின்தொடர்ந்தது. கனவு தவறல்ல. ஆனால் குளுக்கோஸ் ஆக்சிடேஸின் வேலைமையமான ஃபிளேவின், ஓட்டுக்குள் இருக்கும் தேங்காய்ப் பருப்புபோலப் புரதத்தின் ஆழத்தில் புதைந்திருக்கிறது. மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 1.5 நானோமீட்டர் தூரம். தூரம் கூடக் கூட எலக்ட்ரான் தாவும் வேகம் அடுக்குக்குறி விகிதத்தில் சரியும். 2003இல் இஸ்ரேலில் இதாமர் வில்னரின் குழு ஃபிளேவினைப் புரதத்திலிருந்து கழற்றி, 1.4 நானோமீட்டர் தங்கத்துகளோடு இணைத்து, மறுபடி புரதத்துக்குள் பொருத்தியது. அந்த நொதி நொடிக்கு ஏறத்தாழ 5,000 எலக்ட்ரான்களை மின்முனைக்கு அனுப்பியது. ஆக்சிஜனுக்கு அது கொடுக்கும் வேகம் ஏறத்தாழ 700. அழகான வேதியியல். ஆனால் தொழிற்சாலையில் இதைச் செய்வது மிகக் கடினம்.

அதை அடுத்து எளிய வழி ஒன்று பரவியது. பளபளப்பான கண்ணாடிக்கரி மின்முனையை 0.05 மைக்ரான் அலுமினாப் பொடியில் எட்டு வடிவத்தில் தேய்த்து மெருகேற்றுவார்கள். கார்பன் நானோகுழாயையோ கிராஃபீனையோ கரைசலில் கலக்கி, மைக்ரோபிப்பெட்டால் ஐந்து மைக்ரோலிட்டர் எடுத்து அதன்மேல் சொட்டவிட்டு உலர வைப்பார்கள். அதன்மேல் நொதி, அதன்மேல் நாஃபியான். உலரும்போது துகள்கள் சொட்டின் விளிம்பில் போய்க் கூடும். நடுவில் மெலிந்து, ஓரத்தில் தடித்த வளையம் ஒன்று விழும். அடுத்த மின்முனையில் வளையம் வேறு மாதிரி விழும். பிறகு சுழற்சி வோல்ட்டா வரைவு எடுத்தால், மைனஸ் 0.45 வோல்ட் அருகே ஒரு சோடி முகடுகள் வரும். நொதியோடு நேரடித் தொடர்பு கிடைத்துவிட்டது என்று அதை வைத்து எழுதிய கட்டுரைகள் ஏராளம்.

2018இல் பிரிட்டனின் பிலிப் பார்ட்லெட்டும் ஃபிராஸ் அல்-லோலாகேயும் இந்தக் கோரிக்கைகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்தார்கள். கார்பன் நானோகுழாயிலோ கிராஃபீனிலோ இயல்பான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நேரடியாக எலக்ட்ரான் கொடுக்கிறது என்பதற்கு ஆதாரமே இல்லை என்பது அவர்களின் முடிவு. அந்த முகடுகள், புரதத்திலிருந்து கழன்று கரியில் ஒட்டிக்கொண்ட ஃபிளேவினுடையவை. குளுக்கோஸ் சேர்த்தால் மாறும் மின்னோட்டம், நொதி ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் வருவது. அதாவது 1962இல் கிளார்க் செய்த அதே அளவீடு. ஆக்சிஜனை முழுவதும் நீக்கி, குளுக்கோஸ் சேர்த்து, ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் ஏறுகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை போதும், உண்மை வெளிப்பட்டுவிடும். பல கட்டுரைகளில் அந்தச் சோதனை இல்லை.

கிராஃபீனில் எதைச் சேர்த்தாலும் வினையூக்கம் கூடுகிறது என்ற போக்கைச் சோதிக்க, 2020இல் மார்ட்டின் பூமெராவின் குழு அதில் பறவை எச்சத்தையே கலந்து பார்த்தது. வினையூக்கம் கூடியது. அவர்கள் அளந்தது வேறு வினைகளை. என்றாலும் சொல்ல வந்தது நமக்கும் பொருந்தும். ஏதோ ஒன்று கூடியது என்பது மட்டும் அறிவாகாது.

நொதியே வேண்டாம் என்ற கிளை தனியாக வளர்ந்தது. நிக்கல், தாமிர ஆக்சைடுகள் காரக் கரைசலில் குளுக்கோஸை நேரடியாக ஆக்சிஜனேற்றுகின்றன. நொதி இல்லாததால் வெப்பத்தில் கெடாது, விலை குறைவு. ஆனால் சோதனை பெரும்பாலும் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் நடக்கிறது, ரத்தத்தின் பி.எச். 7.4. குளோரைடு அயனி பரப்பை மூடிக்கொள்ளும். ஃபிரக்டோஸும் அமினோ அமிலமும் கூட வினைபுரியும். ரத்தநீரை நூறு மடங்கு காரத்தில் கலந்து, குளுக்கோஸைச் சேர்த்து, சேர்த்தது 98 சதவீதம் திரும்பக் கிடைத்தது என்று போடும் அட்டவணையை நோயாளியின் ரத்தத்தில் செய்த சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கிளையில் எனக்குப் பிடித்த வேலை, 2003இல் கொரியாவில் சேஜின் பார்க், டேக் டாங் சுங் உள்ளிட்டோர் செய்த நுண்துளைப் பிளாட்டினம். பிளாட்டினத்தில் குளுக்கோஸ் மிக மெதுவாக வினைபுரியும். எனவே துளைகளுக்குள் ஊடுருவி உள்பரப்பு முழுவதையும் பயன்படுத்திக்கொள்கிறது. வைட்டமின் சி வேகமாக வினைபுரிவதால் துளையின் வாயிலேயே தீர்ந்துவிடுகிறது. பரப்பைச் சொரசொரப்பாக்கினால் குளுக்கோஸின் மின்னோட்டம் மட்டும் கூடும், குறுக்கீடு கூடாது. பரப்பின் வடிவத்தையே சல்லடையாக்கிய இந்த யோசனையில், ஏன் நடக்கிறது என்பதற்கான காரணம் முதலிலேயே இருந்தது. குளோரைடின் தொல்லை மட்டும் இதிலும் தீரவில்லை.

உணர்திறன் உண்மையிலேயே தேவைப்படும் இடம் வியர்வை. அதில் குளுக்கோஸ் ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். 2016இல் பெர்க்லியில் அலி ஜாவேயின் குழு வெளியிட்ட வியர்வைப் பட்டையில் பிரஷ்யன் நீலமும் கார்பன் நானோகுழாயும் சேர்ந்தே இருந்தன. அங்கே அவற்றுக்கு வேலை இருந்தது. ஆனால் வியர்வையின் அளவு ரத்த அளவோடு எவ்வளவு நம்பகமாக ஒத்துப்போகிறது என்பது வேறு கேள்வி. கண்ணீரில் அளக்க முனைந்த கூகுளின் கான்டாக்ட் லென்ஸ் திட்டம் 2014இல் அறிவிக்கப்பட்டு, 2018இல் கைவிடப்பட்டது. மின்முனையைச் சரிசெய்தாலும் கண்ணீர் ரத்தத்தைப் பின்தொடரவில்லை.

இனி மாற்ற வேண்டிய பரப்பு எது? இரண்டு என்பேன். ஒன்று, உடலைத் தொடும் வெளிப்பக்கம். உணரி உள்ளே போன சில நிமிடங்களில் புரதங்கள் அதன்மேல் ஒட்டுகின்றன. பிறகு அழற்சிச் செல்கள் சூழ்கின்றன. வாரங்களில் நாரிழைக் கூடு ஒன்று கட்டிவிடுகிறது. குளுக்கோஸ் உள்ளே வரவே தாமதமாகும். இரு மின்னூட்டமும் ஒருங்கே கொண்ட பாலிமர்கள், நைட்ரிக் ஆக்சைடை மெல்லக் கசியவிடும் பூச்சுகள், டெக்சாமெதசோன் ஏற்றிய படலங்கள் இதற்காக ஆராயப்படுகின்றன. இந்த வேலைக்கு விலங்கும் திசுவை வெட்டிப் பார்க்கும் நோயியல் வல்லுநரும் தேவை, மாதங்கள் பிடிக்கும். அதனாலேயே சொட்டவிட்டு உலர்த்தும் கட்டுரைகளோடு ஒப்பிட்டால் இவை குறைவு.

மற்றொன்று, நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் தாங்கும் ஸ்ட்ரிப் பூச்சு. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஸ்ட்ரிப் புட்டிகளில் பொதுவாக 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். சித்திரையில் ஓட்டு வீட்டின் அலமாரிக்குள் அந்த வெப்பம் எப்போதோ தாண்டிவிடும். பரவலாகப் பயன்படும் ஃபெர்ரிசயனைடு கடத்தி, ஈரம் ஏறினால் மெல்ல ஒடுக்கமடைந்து, ரத்தம் படுவதற்கு முன்பே பின்னணி மின்னோட்டத்தை உயர்த்திவிடும். மீட்டர் அதையும் சர்க்கரையோடு சேர்த்து எண்ணும். சில ஸ்ட்ரிப்களில் இதற்கு மாற்றாக ருத்தீனியம் சேர்மம் வந்திருக்கிறது. நொதியைச் சுற்றி ட்ரெஹலோஸ் போன்ற சர்க்கரையை இறுகவைத்துக் காப்பது இன்னொரு வழி. 40 டிகிரியிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் மூன்று மாதம் வைத்த பூச்சு, நீர்க்காத முழு ரத்தத்தில் எவ்வளவு பிசகுகிறது என்று அளக்க விலையுயர்ந்த நுண்ணோக்கி வேண்டாம். ஒரு வெப்ப ஈரப்பதப் பெட்டியும், பக்கத்து மருத்துவமனையின் ஒத்துழைப்பும், பொறுமையும் இருந்தால் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம்.